திருவனந்தபுரத்திலிருந்து பெர்த்: ஒரு சர்வேயரின் கணக்கு

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 6,114 கிலோமீட்டர். இணையத்தில் தூரம் கணக்கிட்டுத் தரும் எந்தப் பக்கத்தில் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினாலும் பத்து இருபது கிலோமீட்டர் முன்பின்னாக இந்த எண்தான் வரும். அதன் கீழே, பறக்கும் நேரம் 7 மணி 40 நிமிடம் என்று இன்னொரு வரியும் வரும். சென்ற ஆண்டு நான் அந்த ஊருக்குப் போனேன். தக்கலையில் என் வீட்டுக் கதவைப் பூட்டிய நிமிடம் தொடங்கிப் பெர்த்தில் மகள் வீட்டுக் கதவு திறந்த நிமிடம் வரை 23 மணி 40 நிமிடம் ஆயிற்று. வித்தியாசம் சரியாக 16 மணி நேரம். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரை சென்ட் கூடக் குறைய வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்காரர்கள் பத்து ஆண்டு கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்தவன். அளவு இரண்டு பங்குக்கு மேல் பிசகிக் கிடக்க, அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்த 16 மணி நேரம் எங்கே போயிற்று என்று ஒரு பழைய நோட்டில் எழுதிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்கிறேன். அது என் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பது. ஊரில் நாங்கள் அளந்த காலத்தில் 66 அடிச் சங்கிலிதான் கருவி. அதில் 100 லிங்க்ஸ். ஒரு சதுரச் சங்கிலி பத்து சென்ட். ஒரு வயலை அளக்க அதன் குறுக்கே ஜி லைன் என்ற ஆதாரக் கோடு ஒன்றைப் போட்டு, முக்கோணங்களாகப் பிரித்து, வளைந்து நெளிந்த வரப்புகளுக்கு அந்தக் கோட்டிலிருந்து பக்க அளவு எடுத்துப் புலப்படத்தில் குறிப்போம். இதில் எங்குமே பூமி உருண்டை என்ற நினைவு குறுக்கே வராது. ஒரு வில்லேஜ் அளவுக்குள் பூமி தட்டையானது என்று வைத்துக்கொண்டாலும் ஒருவருக்கும் ஒரு இலைப் பரப்புகூட நட்டமில்லை. ஆனால் பூமி உருண்டை என்பதையே ஆதாரமாக வைத்து அளந்த ஒரு பெரிய வேலையும் எங்கள் மாவட்டத்து மண்ணில் நடந்திருக்கிறது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், பின்னர் கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து வடக்கே நீளும் தீர்க்கரேகை வில்லை அளந்தார். நிலத்தின் மேல் ஒரு பாகை என்பது எத்தனை நீளம் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய நோக்கங்களில் முக்கியமானது.

அந்த ஒரு பாகைதான் இன்றைய விமானக் கணக்குக்கும் அடிப்படை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு, பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் அவற்றுக்கிடையே உள்ள கோணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கும் பெர்த்துக்கும் அந்தக் கோணம் 55 பாகைக்கு மயிரிழை குறைவு. ஒரு பாகைக்கு 60 கடல் மைல்; ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்; எனவே ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பெருக்கினால் தூரம் வந்துவிடும். பூமி சரியான உருண்டை அல்ல; நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இந்தச் சிறு சப்பையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கும் இடையேதான் அந்தப் பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசம் வருகிறது. சூத்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பூமி உருண்டையை வாங்கி, இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து அளந்து பார்க்கலாம். நூல் 14.4 சென்டிமீட்டர் வரும். பேத்திக்கென்று வாங்கிய உருண்டையில் அவளுக்கு முன்னால் நான்தான் விளையாடினேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே வியப்பாக இருந்த ஒன்று. அந்த நேர்கோடு எந்தெந்த இடத்தின் மேல் போகிறது என்று படிப்படியாகக் கணக்கிட்டபோது, திருவனந்தபுரத்தில் புறப்பட்டுத் தென்கிழக்காக 139 பாகைத் திசையில் செல்லும் அது, எங்கள் மாவட்டக் கடற்கரையை ஒட்டியே வருகிறது என்று தெரிந்தது. குளச்சல் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கடலின் மேல் போகிறது; கன்னியாகுமரி முனையிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் விலகிக் கடக்கிறது. இலங்கையைத் தொடாமல் அதன் தெற்கே சென்று, 84-ஆம் பாகைத் தீர்க்கரேகைக்கு அருகில் நிலநடுக்கோட்டைத் தாண்டி, கோகோஸ் தீவுகளுக்கு இருநூறு கிலோமீட்டருக்குள் தெற்கே போய்ப் பெர்த்தை அடைகிறது. அதாவது, இந்தக் கோட்டில் ஒரு விமானம் பறந்தால் குளச்சல் கரை இடப்பக்கச் சன்னலில் தெரியும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. தக்கலையிலிருந்து நான் விமான நிலையத்துக்குப் போவது வடமேற்காக. பெர்த் இருப்பதோ தென்கிழக்கில். ஆகவே மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று சாலையில் 55 கிலோமீட்டர் போய் இறங்கும்போது, நான் மகளை நெருங்கியிருக்கவில்லை. அவளிடமிருந்து ஏறத்தாழ 47 கிலோமீட்டர் விலகியிருக்கிறேன். பயணத்தின் முதல் இரண்டே கால் மணி நேரமும் பின்னோக்கிப் போவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது அந்த 7 மணி 40 நிமிடம். அது யாரும் பறந்து பார்த்துச் சொன்ன நேரம் அல்ல. தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் என்பதுபோன்ற ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டினால் வருவது. அப்படியொரு விமானம் உண்டா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து நிலவுக்குப் பேருந்தில் எத்தனை நாள் என்று கேட்டாலும் அது சளைக்காமல் விடை சொல்லும். காற்றையும் அது கேட்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், பெர்த்தின் அட்சரேகையை ஒட்டி, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் உண்டு. பெர்த்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே 8,300 கிலோமீட்டர். கிழக்கே வரும்போது ஆகும் நேரத்தைவிட மேற்கே திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக ஆவது இந்தக் காற்றால்தான். நிலத்தில் இரண்டு கல்லுக்கு இடையே எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒரே அளவுதான். வானத்தில் போகும் நேரம் வேறு, வரும் நேரம் வேறு. எங்கள் வழி தெற்கு வடக்காகச் சாய்ந்து போவதால் காற்றும் சாய்வாகத்தான் அடிக்கும். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது.

திருவனந்தபுரத்திலிருந்து பெர்த்துக்கு நேரடி விமானம் இல்லை. அதற்குக் காரணம் தூரம் அல்ல. இதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தை நிற்காமல் கடக்கும் விமானங்கள் நாள்தோறும் பறக்கின்றன. ஒரு விமானத்தை நாள் தவறாமல் நிரப்புகிற அளவுக்கு இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆள் வேண்டும், அது இல்லை. துபாய்க்கு அந்த ஆள் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நான்கு மணி நேரம். இரண்டு தலைமுறையாக எங்கள் மாவட்டத்துக் கொத்தனாரும் எலக்ட்ரீசியனும் நர்சும் வளைகுடாவுக்குப் போய்வந்து போட்ட வழி அது. சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு போகிற ஊரில், வளைகுடாவைப் பற்றிப் பேசும்போது ‘நாலு மணி நேரந்தானே’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கிழக்கே சிங்கப்பூரும் அதே அளவு தூரம்தான், 3,100 கிலோமீட்டர். எங்கள் விமான நிலையம் இந்த இரண்டு பெரிய சந்திப்புகளுக்கும் நடுவில், இரண்டுக்கும் ஏறத்தாழச் சம தூரத்தில் இருக்கிறது. ஆகவே உலகத்தில் எங்கே போவதென்றாலும் ஒன்று அங்கே போய் மாற வேண்டும், இல்லையென்றால் இங்கே போய் மாற வேண்டும். பெர்த்துக்குச் சிங்கப்பூரில் மாறினால் 3,100 கிலோமீட்டரும் அதன்பின் 3,910 கிலோமீட்டரும், மொத்தம் 7,010. நேர்வழியைவிட 900 கிலோமீட்டர் கூடுதல். கோலாலம்பூர் வழியாகப் போனாலும் பெரிய மாற்றம் இல்லை.

நோட்டில் எழுதிய கணக்கு இனி வருகிறது. மாலை 7 மணிக்குத் தக்கலையில் கார் புறப்பட்டது. மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பிறகு அந்த ஊரை மேலாகவே கடந்துவிடலாம். ஆனால் மிச்சம் பிடித்த நேரத்தைப் பாலராமபுரம் சந்திப்பு வட்டியோடு வாங்கிக்கொள்ளும். ‘அண்ணாச்சி, பிளேன் எத்தன மணிக்கு?’ என்று டிரைவர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் குரலில் என்னைவிடப் பதற்றம் இருந்தது. 9 மணி 15 நிமிடத்துக்கு நிலையத்தை அடைந்தோம். பெட்டி எடை, பாஸ்போர்ட், எமிக்ரேஷன், சோதனை எல்லாம் முடிந்து விமானம் 12 மணி 20 நிமிடத்துக்குப் புறப்படும்வரை 3 மணி 5 நிமிடம். சிங்கப்பூருக்கு 4 மணி 15 நிமிடம். அங்கே காத்திருப்பு 6 மணி 55 நிமிடம். பெர்த்துக்கு 5 மணி 10 நிமிடம். இறங்கி வெளியே வர 1 மணி 20 நிமிடம். மகள் வீட்டுக்குக் காரில் 40 நிமிடம். கூட்டினால் 23 மணி 40 நிமிடம்.

இதில் வானத்தில் இருந்தது 9 மணி 25 நிமிடம் மட்டுமே. தரையில் 14 மணி 15 நிமிடம். காணாமற்போன 16 மணி நேரத்தில், 900 கிலோமீட்டர் சுற்றுவதற்கும் இன்னொரு தடவை ஏறி இறங்குவதற்கும் சேர்த்து வானம் எடுத்துக்கொண்டது 1 மணி 45 நிமிடம்தான். மீதி முழுவதையும் நாற்காலிகளும் வரிசைகளும் எடுத்துக்கொண்டன. ஏனோ எல்லாரும் விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கியதைப் பற்றியே பேசுகிறார்கள். என் கால் வீங்கியது சிங்கப்பூர்க் கம்பளத்தின் மேல் நடந்து நடந்துதான்.

பெர்த்தில் வெளியே வர ஆன நேரத்துக்கு நானே காரணம். ஆஸ்திரேலியாவில் நுழையும் ஒவ்வொருவரும் கையிலிருக்கும் தின்பண்டத்தையெல்லாம் ஒரு சீட்டில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். ‘அப்பா, எதக் கொண்டுவந்தாலும் எழுதிக் காட்டுங்க. தேன் மட்டும் வேண்டவே வேண்டாம்’ என்று மகள் பலமுறை சொல்லியிருந்தாள். மேற்கு ஆஸ்திரேலியா தன் தேனீக்களுக்கு நோய் வராமலிருக்க, பயணிகள் தேன் கொண்டுவருவதற்கே தடை வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மற்ற மாநிலங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். மார்த்தாண்டம் தேன் குப்பியை மனமில்லாமல் வீட்டிலேயே வைத்துவிட்டு, முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் கொண்டு போனேன். முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை, அது பாசிப்பயறும் வெல்லமும் என்பதை ஓர் அதிகாரியிடம் விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

பயணச்சீட்டில் அச்சிட்டிருந்த நேரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் அங்கேதான் குழம்புகிறார்கள். இரவு 12 மணி 20 நிமிடத்துக்குப் புறப்பாடு, இரவு 7 மணி 10 நிமிடத்துக்குச் சேர்தல் என்று சீட்டு சொல்லும். கழித்தால் 18 மணி 50 நிமிடம். உண்மையில் ஆனது 16 மணி 20 நிமிடம். பெர்த் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் வந்த மாயம் அது. திரும்பும்போது அதே இரண்டரை மணி நேரத்தைச் சீட்டு குறைத்துக் காட்டும். சர்வேயர் புத்தி இதிலும் சும்மா இருக்கவில்லை. தக்கலைக்கும் பெர்த்துக்கும் தீர்க்கரேகையில் 38.6 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்குச் சூரியன் நான்கு நிமிடம் எடுக்கும். ஆகவே சூரியக் கணக்கில் 2 மணி 34 நிமிடம். கடிகாரக் கணக்கில் 2 மணி 30 நிமிடம். நான்கு நிமிடப் பிசகுதான். சிங்கப்பூர் அப்படி இல்லை. அது பெர்த்துக்குப் பன்னிரண்டு பாகை மேற்கே இருந்தும் பெர்த்தின் நேரத்தையே வைத்திருக்கிறது. அதனால் அங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்திக்கொண்டு நிற்கிறது. காலை 7 மணி 5 நிமிடத்துக்கு நான் அங்கே இறங்கியபோது, அப்போதுதான் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. என் உடம்புக்கோ மணி நாலரை.

நேரடி விமானம் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்றும் கணக்கிட்டேன். சாலை, விமான நிலையக் காத்திருப்பு, பெர்த்தில் வெளியேறுவது, மகள் வீட்டுக் கார் ஆகியவை அப்படியே இருக்க, நடுவில் 7 மணி 40 நிமிடத்தை வைத்தால் மொத்தம் 15 மணி நேரம் வருகிறது. சிங்கப்பூரில் முறிவதன் விலை 8 மணி 40 நிமிடம் மட்டும். மற்ற 7 மணி 20 நிமிடம் இரு முனைகளிலும் தரையில் கழிவது. எவ்வளவு வேகமான விமானம் வந்தாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த 15 மணி நேரம் என்ற எண்ணை நான் முதலில் கணக்கிட்டது பயணத்துக்காக அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை 4 மணிக்கு என் தாயார் இறந்தார். மகளை வளர்த்ததில் பாதி அவர். இறந்த வீட்டில் முதலில் வரும் பெரியவர்கள் எங்கள் பக்கம் கேட்பது இதைத்தான்: ‘வெளிய இருந்து யாரு வரணும்? எப்ப எடுக்கணும்?’ ஐஸ் பெட்டி வந்தபின் இந்தக் கேள்விக்கு அவகாசம் கூடியிருக்கிறது. வளைகுடாவில் மகன் இருந்தால் ஒருவரும் யோசிப்பதே இல்லை, அன்று மாலையே வந்துவிடுவான் என்று பந்தல் போடுவார்கள். பெர்த் என்றதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மகளுக்குக் கிடைத்த முதல் டிக்கெட்டில் வீடு வந்து சேர 31 மணி நேரம் ஆகும். அதில் பறப்பது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. மறுநாள் காலை 11 மணிக்கு எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 4 மணியிலிருந்து 11 மணி வரை 31 மணி நேரம்தானே, சேர்ந்துவிடலாமே என்று யாரோ கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் செய்தி போய், டிக்கெட் எடுத்து, அவள் வீட்டைவிட்டு இறங்கவே ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் போனிலேயே பார்த்தாள். அன்று இரவு தூக்கம் வராமல் போனில் தூரத்தைத் தட்டியபோதுதான் 7 மணி 40 நிமிடம் என்ற வரி முதன்முதலாக என் கண்ணில் பட்டது. அந்த விமானம் மட்டும் இருந்திருந்தால் அவள் மறுநாள் விடியுமுன் வந்து சேர்ந்திருப்பாள்.

இந்தப் பெருங்கடலை ஏறத்தாழ இந்த நேர்கோட்டிலேயே விமானம் கடந்த காலம் ஒன்று இருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான விமான வழி அறுந்தது. மாறிச் செல்லும் ஊர் இல்லாமற்போனதால் நேரே பறக்க வேண்டிவந்தது. 1943 முதல் 1945 வரை குவான்டாஸ் நிறுவனம், பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்குக் கேட்டலினா என்ற நீர்விமானங்களை ஓட்டியது. கொக்கலை எங்கள் கன்னியாகுமரியிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த வழி நேர்கோட்டில் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். பறக்க ஆன நேரம் 27 மணி முதல் 33 மணி வரை. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று வானொலியை மூடிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டார்கள். விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததற்காகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்; ‘இரட்டை உதய’ப் பயணங்கள் என்று அவை பெயர் பெற்றன. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், நிற்காமல் பறந்த அந்த மூன்று பேர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும், மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வசதியுள்ள காலத்தில் நான் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் வித்தியாசம் சில மணி நேரம்தான். அவர்கள் நட்சத்திரம் பார்த்தார்கள். நான் கண்ணாடிச் சுவரில் மீன்தொட்டி பார்த்தேன்.

நேர்வழிதான் விரைந்த வழி என்று நானும் இந்தக் கட்டுரையின் பாதிவரை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் பாய்மரக் காலத்தில் இதே கடலில் அது பொய்யாயிருந்தது. தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக் கம்பெனியின் தளபதி அவர். பிறகு அந்த அரசருக்கே படை பயிற்றுவித்து, 1777-இல் இங்கேயே இறந்தார். அவருடைய கம்பெனிக்கு ஐரோப்பாவிலிருந்து ஜாவா போகும் நேரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெருந்தலைவலியாக இருந்தது. 1611-இல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற மாலுமி, நன்னம்பிக்கை முனையைக் கடந்ததும் வடகிழக்கே திரும்பாமல், இன்னும் தெற்கே இறங்கி, அங்கே ஓயாமல் வீசும் மேலைக்காற்றில் கிழக்கே நெடுந்தூரம் ஓடி, அதன்பின் வடக்கே திரும்பினார். தூரம் கூடியது, நேரமோ பாதியாகக் குறைந்தது. எந்த இடத்தில் வடக்கே திரும்புவது என்பதுதான் சிக்கல், ஏனென்றால் தீர்க்கரேகையைக் கடலில் அளக்க அன்று வழியில்லை. பிந்தித் திரும்பியவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் போய் முட்டினார்கள். 1616-இல் டிர்க் ஹார்டாக் அங்கே கரையேறினார். 1629-இல் பட்டாவியா என்ற கப்பல் அந்தக் கரையோரத் தீவுத்திட்டுகளில் மோதி உடைந்தது.

அந்த மாலுமிகள் வழியில் அடையாளமாகத் தேடிய இரண்டு சிறு தீவுகள் ஆம்ஸ்டர்டாமும் செயின்ட் பாலும். அவற்றின் தீர்க்கரேகை 77 பாகை 30 நிமிடச் சொச்சம். கன்னியாகுமரியின் தீர்க்கரேகையும் அதுதான். முக்கடல் கரையில் நிற்கும் சுற்றுலா வழிகாட்டிகள், ‘இங்கிருந்து நேர் தெற்கே அண்டார்டிகா வரை ஒரு பிடி மண் கிடையாது’ என்று சொல்வதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். இருக்கிறது, 5,100 கிலோமீட்டருக்கு அப்பால், நேர் தெற்கே, ஆம்ஸ்டர்டாம் தீவு இருக்கிறது. அங்கே விமான நிலையம் இல்லை என்பதால் தூரம் கணக்கிடும் பக்கங்களுக்கு அது தெரியாது. வழிகாட்டிகளின் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று இதுவரை வெளியே சொல்லாமல் இருந்தேன்.

பூமி உருண்டையில் நூலை வைத்து விளையாடியபோது கண்ட இன்னொரு வேடிக்கையையும் எழுதிவிடுகிறேன். 2018 மார்ச் முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் ஒரு விமானம் போகிறது. தூரம் 14,500 கிலோமீட்டர், நேரம் பதினேழு மணி அளவில். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது இலங்கையின் குறுக்கே ஏறி, மன்னார் வளைகுடாவைக் கடந்து, மதுரைக்குச் சற்று வடக்கே தமிழ்நாட்டின் மேல் போகிறது. காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்து விமானிகள் வழியை நாள்தோறும் மாற்றிக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆயினும், பெர்த்திலிருந்து நிற்காமல் புறப்படும் ஒரு விமானத்தின் நேர்கோடு நம் தலைக்கு மேலே கிடக்க, நாம் அங்கே போவதற்குச் சிங்கப்பூரில் போய்ச் செருப்பைக் கழற்றிச் சோதனை கொடுக்கிறோம்.

பெர்த்திலிருந்து திரும்பிவந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளச்சலுக்குப் போனேன். பேத்தி கேட்டிருந்தாள், எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்றுதான் அழைப்பது, அங்கே பிறந்தவளும் அப்படியே அழைக்கிறாள். ‘பாட்டா, உங்க வீடு எந்தப் பக்கம்?’ என்று கேட்டதற்கு, அவள் ஊர்க் கடற்கரையில் நின்று வடமேற்கே, 310 பாகையில், கையை நீட்டச் சொல்லியிருந்தேன். என் பங்குக்கு நானும் இந்தப் பக்கம் சரிபார்க்க வேண்டுமல்லவா? போனில் திசைகாட்டியைத் திறந்து, 139 வரும்வரை திரும்பித் திரும்பி நின்றேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் என்னை அறிந்தவர். விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். அவர்கள் வீட்டு மனையை ஒருகாலத்தில் நான்தான் அளந்து கல் நட்டேன்.

‘சர்வேயர் சார், கடலயும் அளக்க வந்துட்டீங்களா?’ என்றார்.

ஆஸ்திரேலியா எந்தப் பக்கம் என்று பார்ப்பதாகச் சொன்னேன். என் கை நீண்டிருந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, எவ்வளவு தூரம் என்று கேட்டார். கிலோமீட்டரில் சொன்னேன், அது அவருக்கு வேண்டாம், நாட்டிக்கல் மைலில் சொல்லுங்கள் என்றார். 3,300 என்றேன். வலையைக் கீழே போட்டுவிட்டு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

‘மணிக்கு ஏழு மைல் ஓடுனா இருபது நாள் ஓட்டம். டீசலும் ஐஸும் அவ்வளவுக்குத் தாங்காது. நேரே போக ஒக்காது சார், எடையில எங்கயாவது கரை பிடிச்சுத்தான் போகணும்.’